டாக்டரம்மா பதில்கள்: சிடி ஸ்கேன் நார்மல், ஆனால் அப்பாவுக்கு ஸ்ட்ரோக்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் இரண்டு மூளைத்தண்டு ஸ்ட்ரோக் பற்றியவை. மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் பகுதிதான் மூளைத்தண்டு. அடிக்கடி பார்க்காத நோய் என்பதால்தான் இரண்டு குடும்பமும் இவ்வளவு அலைந்திருக்கின்றன. சர்க்கரை, மூட்டுவலிக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: டாக்டரம்மா, வணக்கம். எங்கள் அப்பாவுக்கு 63 வயது, முப்பது வருடம் தோட்டத்தில் பால் வெட்டியவர். போன மாதம் ஒரு நாள் விடியற்காலையில் எழுந்தவருக்குத் திடீரென்று தலைசுற்றல், வாந்தி. நடந்தால் இடது பக்கமே சாய்ந்தார். வாய் கோணவில்லை, கை கால் எல்லாம் நன்றாகத் தூக்கினார். ஆனால் குரல் கரகரத்துவிட்டது, தண்ணீர் குடித்தால் புரையேறி மூக்கு வழியாக வந்தது, விக்கல் நிற்கவே இல்லை. முதலில் போன ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேன் எடுத்து, மூளை நார்மல், காது நரம்புக் கோளாறு, கொஞ்சம் கேஸ்டிரிக்கும் இருக்கிறது என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வெந்நீர் ஊற்றிக் குளித்தபோது உடம்பின் வலது பக்கம் சூடே தெரியவில்லை என்றார். மூன்றாம் நாள் ஈப்போவுக்குக் கொண்டுபோய் எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் மூளைத்தண்டில் ஸ்ட்ரோக் என்றார்கள். ரிப்போர்ட்டில் வாலன்பெர்க் என்று ஒரு பெயர் இருக்கிறது. சிடியில் தெரியாதது எம்ஆர்ஐயில் எப்படித் தெரிந்தது? முதலிலேயே எம்ஆர்ஐ எடுத்திருக்க வேண்டாமா? தம்பி கேஸ் போட வேண்டும் என்று நிற்கிறான். அப்பா இப்போது மூக்குக் குழாயில்தான் சாப்பிடுகிறார், மறுபடி வாயால் சாப்பிடுவாரா?
(வாசகி, லாசா ரோடு)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வெந்நீர் வலது பக்கம் சூடாகத் தெரியவில்லை என்று அப்பா சொன்னது. நோய் எங்கே இருக்கிறது என்பதை எம்ஆர்ஐக்கு முன்பே உங்கள் வீட்டுக் குளியலறையில் அப்பாவே சொல்லிவிட்டார். அதை ஆஸ்பத்திரியில் யாராவது கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் மனதில் நிற்கிறது.

நம்மிடம் இருக்கும் வார்த்தை பக்கவாதம், வாதம் என்றால் காற்று. மலாய்க்காரர்கள் அங்கின் அஹ்மார் என்கிறார்கள், அதுவும் காற்றின் பெயர்தான். பக்கவாதம் என்று சொல்லிச் சொல்லி, ஒரு பக்கம் கை கால் விழுந்தால்தான் ஸ்ட்ரோக் என்று நமக்குப் பதிந்துவிட்டது. ஆனால் ரத்தக்குழாய் அடைத்து வரும் ஸ்ட்ரோக்குகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று மூளையின் பின்பக்கக் குழாய்களில் வருகிறது. அதில் வாயும் கோணாமல், கையும் விழாமல், வெறும் தலைசுற்றலும் வாந்தியுமாக ஆள் படுத்துக் கிடக்கலாம்.

அப்பாவுக்கு அடிபட்டது மூளைத்தண்டின் கீழ்ப்பகுதி, முகுளம். ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். அவ்வளவு சின்ன இடத்துக்குள் விழுங்குவதற்கு, குரலுக்கு, மூச்சுக்கு, உடம்பைச் சாயாமல் நிறுத்துவதற்கு என்று எல்லா நரம்பும் நெருக்கிப் பிடித்து ஓடுகிறது. உடம்பிலிருந்து சூட்டையும் வலியையும் கொண்டுவரும் நரம்பு தண்டுவடத்துக்குள் நுழைந்த உடனேயே எதிர்ப்பக்கம் மாறி மேலே ஏறும். முகத்திலிருந்து வருவது மாறாமல் அதே பக்கத்தில் இறங்கும். இந்த இரண்டும் முகுளத்தின் ஓரத்தில் சந்திக்கின்றன, அதனால் இடது ஓரம் கெட்டால் முகம் இடது பக்கம் மரத்துப்போகும், உடம்பு வலது பக்கம் சூடு தெரியாது. கை காலை அசைக்கும் நரம்பு முன்பக்கமாக ஓடுவதால் அது தப்பிவிடும். இடது கண் இமை லேசாக இறங்கி, கருமணி சின்னதாகியிருந்ததா என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஆமாம் என்பார்.

அந்தப் பெயர் ஒரு டாக்டருடையது. அடோல்ஃப் வாலன்பெர்க் என்ற ஜெர்மன் டாக்டர் 1895இல் இதே மாதிரி ஒரு நோயாளியைப் பார்த்து, தொட்டு, சோதித்து, அடைப்பு இன்ன இடத்தில்தான் என்று எழுதினார். அவர் கையில் எந்த ஸ்கேனும் கிடையாது. அந்த நோயாளி இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்து, தான் சொன்ன இடமே என்று 1901இல் மறுபடி எழுதினார். இன்றைக்கும் படம் எடுக்கச் சொல்லும் டாக்டர் முதலில் இந்த வேலையைச் செய்தாக வேண்டும். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எடுத்த படத்தில் முகுளத்துச் சின்னப் புள்ளி எளிதாகத் தப்பிவிடும்.

சரி, சிடிக்கு வருகிறேன். 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுத்த நாளிலிருந்து சிடியால் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கிறது. ஸ்ட்ரோக் சந்தேகத்தில் சிடியை முதலில் எடுப்பது தப்பே இல்லை. மூளையில் ரத்தக்கசிவு இருந்தால் அது சில நிமிடத்தில் காட்டிவிடும். கசிவா அடைப்பா என்று தெரியாமல் ரத்தத்தை இளக்கும் மருந்தைக் கொடுத்தால் ஆளையே கொன்றுவிடலாம். ஆனால் புதிதாக அடைத்த இடத்தை சிடி முதல் சில மணி நேரத்தில் சரியாகக் காட்டாது, மூளைத்தண்டில் இன்னும் மோசம். உள்காதைப் பொதிந்து வைத்திருக்கும் எலும்பு நம் உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புகளில் ஒன்று. அது இரண்டு பக்கமும் இருக்க, நடுவில் மூளைத்தண்டு. எக்ஸ்-ரே கதிர் அந்த எலும்புகளைத் தாண்டி வரும்போது படத்தில் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழும். ராத்திரியில் தோட்டத்து ரோட்டில் எதிரே வரும் லாரி விளக்கு அடிக்கும்போது ஓரமாக நடக்கிற ஆள் நம் கண்ணுக்குத் தெரியாமல் போவாரே, கிட்டத்தட்ட அந்த நிலைமை. ஆகவே சிடி நார்மல் என்றால் ரத்தக்கசிவு இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரோக்கே இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

எம்ஆர்ஐக்கு எலும்பு பிரச்சினை இல்லை, அது காந்தத்தால் எடுப்பது. அதில் டிஃப்யூஷன் என்று ஒரு படவரிசை உண்டு, எடுக்க ஓரிரண்டு நிமிடம்தான் ஆகும், அதுதான் உங்கள் அப்பாவின் நோயைப் பிடித்தது. மூளைக்குள் இருக்கும் தண்ணீர்த் துகள்கள் எப்போதும் அலைந்துகொண்டே இருக்கும். ரத்தம் நின்றவுடன் செல்லுக்குள் தண்ணீர் ஏறி அது வீங்கிவிடும், செல்களுக்கு இடையே சந்து குறுகிவிடும், தைப்பூசக் கூட்டத்தில் மாட்டினவர் மாதிரி தண்ணீர் நகர முடியாமல் நின்றுவிடும். அப்படி நின்ற இடம் படத்தில் வெள்ளையாக மின்னும். பழைய தழும்பு கூட சில நேரம் வெள்ளையாகத் தெரியும் என்பதால், கூடவே வரும் இன்னொரு படத்தில் அதே இடம் கறுப்பாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துத்தான் புதியது என்று முடிவு செய்வார்கள். இந்த மின்னல் பத்துப் பதினைந்து நாள் வரை இருக்கும். மூன்றாம் நாள் பளிச்சென்று தெரிந்தது அதனால்தான்.

இப்போது உங்கள் தம்பி கவனமாகக் கேட்க வேண்டிய விஷயம். முதல் நாளே எம்ஆர்ஐ எடுத்திருந்தாலும் நார்மல் என்று வந்திருக்க வாய்ப்பு உண்டு. முகுளத்தில் வரும் சின்ன ஸ்ட்ரோக், முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எடுத்த எம்ஆர்ஐயிலும் சிலருக்குத் தெரியாமல் போகிறது. அதனால்தான் அறிகுறி ஸ்ட்ரோக் மாதிரியே இருந்தால், படம் சுத்தமாக இருந்தாலும் நோயாளியை வார்டில் வைத்துக்கொண்டு, மெல்லிய துண்டுகளாக மறுபடி எடுக்கச் சொல்வார்கள். தலைசுற்றல் விடாமல் இருக்கும்போது, பயிற்சி உள்ள டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று செய்யும் கண் சோதனை, ஆரம்ப நேரத்து எம்ஆர்ஐயை விட நன்றாகப் பிடிக்கிறது என்று 2009இல் ஓர் ஆய்வு வந்தது. நோயாளியின் தலையைச் சட்டென்று திருப்பி, கண் பார்த்த இடத்தை விடாமல் பிடிக்கிறதா என்று பார்ப்பது அதில் ஒன்று. காதுக் கோளாறில்தான் கண் வழுக்கிப் பிறகு திரும்பும். தலை கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருக்கும்போதும் கண் வழுக்காமல் நின்றால் மூளையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆக, சிடி எடுத்தது சரி. ஆனால் நேராக நடக்க முடியாத, தண்ணீர் விழுங்க முடியாத ஒருவரை வீட்டுக்கு அனுப்பியது தவறு, இதைப் பூசி மெழுக எனக்கு மனம் வரவில்லை. நானும் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில், தலைசுற்றி வாந்தி எடுத்த லாரி டிரைவர் ஒருவரைப் படுக்கையிலேயே வைத்துப் பார்த்துவிட்டு, சிடி சுத்தம் என்று காது மாத்திரை எழுதிக் கொடுத்தேன். எழுந்து நாலு அடி நடங்கள் என்று அவரைச் சொல்லவே இல்லை. மறுநாள் காலை அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், சிறுமூளை வீங்கியிருந்தது. அவர் மனைவியின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து தலைசுற்றல் என்று வரும் யாரையும் நடக்க வைத்துப் பார்க்காமல் என் கிளினிக்கிலிருந்து அனுப்புவதில்லை.

கேஸ் போடுவதும் போடாததும் உங்கள் குடும்பத்து முடிவு. எதுவானாலும் இரண்டு ஆஸ்பத்திரியிலும் மருத்துவ ரிப்போர்ட்டும் ஸ்கேன் படங்களும் எழுத்தில் கேட்டு வாங்கிவையுங்கள். எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று நினைவு இருக்கும்போதே எழுதிவையுங்கள், அப்பாவின் அடுத்த சிகிச்சைக்கும் அது உதவும். உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதிலைப் பக்கத்தின் முடிவில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தம்பிக்கு 44 வயது, செம்பனை ஆலையில் வேலை. தீபாவளி முடிந்த இரண்டாம் நாள் காலையில் எழுப்ப முடியவில்லை. குடித்திருப்பான் என்று மதியம் வரை விட்டுவிட்டோம், அந்தக் குற்ற உணர்ச்சி எங்களைத் தின்கிறது. ஆஸ்பத்திரியிலும் முதல் கேள்வி எவ்வளவு குடித்தான் என்பதுதான். சிடி நார்மல், தூங்கட்டும் என்றார்கள். மறுநாள் கண் திறந்தபோது அவனால் மேலே பார்க்க முடியவில்லை, நேற்று நடந்ததெல்லாம் மறந்துவிட்டது. எம்ஆர்ஐயில் மூளையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புள்ளி, பெர்ஷெரான் குழாய் அடைப்பு என்றார்கள். ஒரு குழாய் அடைத்தால் இரண்டு பக்கமும் எப்படிப் பாதிக்கும்?
(தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட்)

பதில்: அண்ணா, மூளையின் நடு ஆழத்தில் தலாமஸ் என்று இடது ஒன்று, வலது ஒன்று இருக்கிறது. நாம் விழித்திருப்பதற்கே அது வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டுக்கும் தனித்தனிச் சின்னக் குழாய்கள். சிலருக்குப் பிறப்பிலேயே ஒரே குழாய் கிளம்பி இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கத்துக்கும் ரத்தம் கொடுக்கும். ஜெரார் பெர்ஷெரான் என்ற பிரெஞ்சு டாக்டர் 1973இல் இதை விவரித்தார், பெயர் அவருடையது. அந்த ஒரு குழாய் அடைத்தால் இரண்டு தலாமஸும் ஒரே நேரத்தில் போய்விடும். சிலருக்கு மூளைத்தண்டின் உச்சியான நடுமூளையும் சேர்ந்து போகும், எம்ஆர்ஐயில் ஆங்கில எழுத்து 'வி' மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரியும். மேலே பார்க்க முடியாததும் அதனால்தான். குழாய் மிகவும் மெல்லியது, ரத்தக்குழாய்ப் படத்தில் பெரும்பாலும் தெரியாது. அங்கே அடைப்பு காணவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

குடி பற்றிக் கேட்டதில் தவறில்லை. குடிப்பவர்களுக்கு வரும் வைட்டமின் பி1 குறைவிலும், மூளையின் ஆழத்துச் சிரைகள் அடைத்தாலும், இதே மாதிரி இரண்டு பக்கமும் படத்தில் தெரியும். அதையெல்லாம் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தோட்டத்து ஆள், தமிழன், எழுந்திருக்கவில்லை என்றால் சம்சு குடித்திருப்பான் என்று அதோடு நிறுத்திக்கொள்வது எனக்குத் தாங்க முடியாத கோபம் தருகிறது. என் அப்பா தோட்டத்து டிரசராக, அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளராக இருந்தவர். குடித்தவனுக்கும் ஸ்ட்ரோக் வரும், குடிகாரன் என்று எழுதிவைக்கும் முன் அவன் கண்ணைத் திறந்து பார் என்பார். சொல்லி நாற்பது வருடம் ஆகிவிட்டது.

எழுப்ப முடியாத ஒருவருக்கு சாதாரண சிடியோடு நிறுத்தக் கூடாது என்பதற்கு இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. மூளைத்தண்டுக்கு முன்னால் ஏறும் பேசிலார் என்ற பெரிய குழாய் அடைத்தாலும் ஆள் இப்படித்தான் கிடப்பார், அது உயிரை எடுக்கும் அடைப்பு. அதைப் பார்க்க சிடி மேஜையிலேயே கையில் சாய மருந்து ஏற்றி ரத்தக்குழாய்ப் படம் எடுத்துவிடலாம். மெல்லிய ட்யூப் ஒன்றை உள்ளே விட்டு அந்த அடைப்பை வெளியே இழுத்தால் பிழைப்பவர்களும், நடமாடுபவர்களும் அதிகம் என்று 2022இல் சீனாவில் நடந்த இரண்டு ஆய்வுகள் காட்டின, அதில் ஒன்று 24 மணி நேரம் வரை வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. உங்கள் தம்பிக்கு அந்தப் பெரிய குழாய் அடைக்கவில்லை. நினைவு சக்தி மெல்லத்தான் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. தேதி, ஆள் பெயர், மருந்து நேரம் எல்லாம் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். மதியம் வரை விட்டதற்காக உங்களை நீங்களே தண்டிக்காதீர்கள், பார்த்துத் தேறிய டாக்டர்களுக்கே அன்றைக்குத் தெரியவில்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு 40 நிமிடம். அதுவரை வீட்டில் என்ன கொடுக்கலாம்?

பதில்: ஒன்றும் கொடுக்காதீர்கள். தண்ணீர், மைலோ, கோப்பி எதுவும் வேண்டாம், விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். பக்கத்து வீட்டு இதய மாத்திரையும் வேண்டாம், கசிவா அடைப்பா என்று ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுங்கள் என்று வாட்ஸப்பில் வருவதை அழித்துவிடுங்கள். கோடாலித் தைலம் தேய்த்துக் காத்திருப்பதும் நேரத்தைத்தான் தின்னும். 999க்குக் கூப்பிட்டு, ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு, அது அந்த நேரத்திலிருந்துதான் ஓடுகிறது, நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து இல்லை. சாப்பிடும் மாத்திரைகளை அப்படியே பையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: எம்ஆர்ஐ எடுக்கத் தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள். மாமியார் கூடாது என்கிறார். என்ன செய்வது அக்கா?

பதில்: மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிப் போட்டுக்கொண்டு கொடியைக் கழற்றிவிடுங்கள், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், மாமியாரும் ஒத்துக்கொள்வார். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பது உண்மைதான். ஆனால் கொடியில் ஊக்கு மாட்டி வைத்திருப்போமே, அது இரும்பு, காந்தம் அதைத் தோட்டா மாதிரி இழுக்கும். ஹேர்பின், தாயத்துத் தகடு, பல்செட் எல்லாம் கழற்ற வேண்டும். உடம்பில் சுசுக் ஊசி, அதாவது அழகுக்கும் வசியத்துக்கும் தோலுக்குள் செருகும் சின்ன ஊசி, வைத்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அவர்கள் எக்ஸ்-ரேயில் நிறையப் பார்த்தவர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர், மூளையில் கிளிப் இருந்தாலும் சொல்ல வேண்டும். வீட்டு ஆண்களில் வெல்டிங், கிரைண்டர் வேலை செய்தவர்கள் கண்ணில் இரும்புத் துகள் பட்டதுண்டா என்று கட்டாயம் சொல்லுங்கள், கண்ணுக்குள் துகள் நகர்ந்தால் பார்வை போய்விடும். மற்றபடி வலி இல்லை, எக்ஸ்-ரே கதிரும் இல்லை, சத்தம்தான் தகரத்தில் அடிப்பது மாதிரி இருக்கும். ஆடாமல் படுத்திருங்கள், தலை அசைந்தால் மூளைத்தண்டு மாதிரி சின்ன இடம் கலங்கிப்போகும்.

கேள்வி: முடி வெட்டும் கடையில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுத்தால் ஸ்ட்ரோக் வருமா?

பதில்: அபூர்வம், ஆனால் வரும். கழுத்தெலும்புத் துளைகள் வழியாக மூளைத்தண்டுக்கு ஏறும் குழாயின் உள்சுவர் சட்டென்று திருப்பும்போது கிழியலாம், கிழிந்த இடத்தில் ரத்தம் உறையலாம். வயது குறைந்தவர்களுக்கு ஸ்ட்ரோக் வரும் காரணங்களில் இந்தக் கிழிசலும் ஒன்று. தலைக்கு எண்ணெய் தேய்த்து அமுக்கிவிடட்டும், கழுத்தை மட்டும் முறுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொடுக்கு எடுத்த பிறகு ஒரு பக்கம் கழுத்தும் பிடரியும் புதிதாக வலித்து, தலையும் சுற்றினால் ஆஸ்பத்திரியில் அந்தச் சொடுக்கைப் பற்றிச் சொல்லுங்கள். தலையோடு கழுத்துக் குழாய்களையும் சேர்த்துப் படம் எடுக்க அது ஒன்றே காரணமாகிவிடும்.

கேள்வி: ஸ்ட்ரோக் வராமல் இருக்க வருடம் ஒரு எம்ஆர்ஐ எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் பிரஷர் மிஷின் ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள், மிச்சப் பணம் உங்களுக்கே.

லாசா ரோடு தங்கச்சிக்கு மறுபடி. இந்த வகை ஸ்ட்ரோக்கில் விழுங்கும் சக்தி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் திரும்பிவிடுகிறது. விழுங்கப் பயிற்சி கொடுக்கும் பேச்சுச் சிகிச்சையாளரிடம் சோதனை முடியும் வரை, ஆசையாகக் கேட்கிறார் என்று ஒரு வாய் கஞ்சி கூடக் கொடுக்காதீர்கள். சோதனைக்குப் பிறகு முதலில் கெட்டியாகக் குழைத்த உணவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், தண்ணீர்தான் கடைசியில் வரும். வலது பக்கத்துச் சூடு உணர்வு மட்டும் வருடக்கணக்கில் திரும்பாமல் இருக்கலாம். அதனால் அப்பா வெறுங்காலோடு வெளியே போக வேண்டாம், குளிக்கும்போது வெந்நீரை இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள்.